முனி குடித்த சாராயமும் அம்சவேணியின் அப்பீலும்

முனீஸ்வரன் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னாராம். யாங்கோன் நகரத்துத் தாகேதா முழுக்க இதுதான் பேச்சு. அப்பீல் நடந்த அன்றைக்குக் கூண்டில் ஏறி நின்று, குடித்தவன் நான், அவனை விடு என்று நல்ல பர்மிய பாஷையில் சொன்னாராம். நீதிபதி எழுந்து கும்பிட்டாராம். போகிற போக்கில் முனி ஒரு சுருட்டுக் கேட்க, கோர்ட்டுச் சேவகர் ஓடிப்போய் வாங்கிவந்து பற்றவைத்தும் கொடுத்தாராம். என்ன சுருட்டு என்பதுவரை சொல்கிறார்கள்.

இதைச் சரிபார்க்கக் கிளம்பினால் காலுக்கு நல்ல வேலை. லபேயே கடையில் டீ ஆற்றுகிறவர் தன் கண்ணால் பார்க்கவில்லை, ஆனால் மீன்கடைக்காரர் பார்த்தார் என்பார். மீன்கடைக்காரர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, த்வாண்டேயில் மச்சினி கல்யாணம். அவருக்குச் சொன்னவர் பஸ் கண்டக்டர். கண்டக்டருக்குச் சொன்னவர் யாரென்று விசாரித்தால், அதே டீ ஆற்றுகிறவர். இப்படி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைசியில் போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே உள்ள வெற்றிலைப் பெட்டிக்கடையில் வந்து நிற்க வேண்டியதுதான். கடைக்காரி அம்சவேணி. முனி யாரைக் காப்பாற்ற வந்ததாகச் சொல்கிறார்களோ அந்தச் சுரேந்திரனின் மனைவி. கேட்டால், வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்வாள்.

"வந்தாரா? வர்றவரு மொத நாளே வந்திருக்கலாமே. எம் புருஷன் ஏழு மாசம் உள்ள கெடந்ததுக்கு அப்புறந்தான் அவருக்கு வழி தெரிஞ்சுதாமா?"

அம்சவேணி பிறந்து வளர்ந்தது தாகேதாவில். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அப்பா நகரசபைச் சாக்கடையில் இறங்கியவர். அவள் படித்தது பர்மிய மொழியில், வியாபாரம் பர்மிய மொழியில், தன் பிள்ளைகளைக் கொஞ்சுவதுகூடப் பாதிக்கு மேல் பர்மிய மொழியில்தான். கோபம் வந்தால் மட்டும் தமிழ். கோபம் அடிக்கடி வரும். ஆகவே அவள் தமிழ் துருப்பிடிக்காமல் இருக்கிறது.

சுரேந்திரன் அதற்கு நேர்மாறு. எந்த மொழியிலும் அதிகம் பேசாதவன். இருபது வருஷம் ஊரார் லாரியை ஓட்டினான். ஊரார் டயர் தேய்ந்தால் தன் செருப்பு தேய்ந்ததுபோல் வருத்தப்படுகிற ஜாதி. ஒருவழியாகச் சொந்தத்தில் ஒரு பழைய ஜப்பான் குட்டி லாரி வாங்கினான். ஒரு கதவைக் கயிறு போட்டுத்தான் மூட வேண்டும். இந்த ஊர்ப் பழைய வண்டிகள் எல்லாவற்றையும்போல ஸ்டியரிங்கும் வலது பக்கம், ஓட்டுவதும் ரோட்டின் வலது பக்கம். ஆகவே எதிரே வருகிற பாதி ரோட்டை யூகித்துத்தான் ஓட்ட வேண்டும். யாங்கோன் டிரைவர்கள் யூகிப்பதில் வல்லவர்கள். இல்லாவிட்டால் ஊரில் பாதிப் பேர் இன்றைக்கு உயிரோடு இருக்க மாட்டார்கள்.

புது வண்டி என்றால் முனிக்குக் காட்டாமல் சக்கரத்தை உருட்டக் கூடாது. இது தாகேதாத் தமிழ் டிரைவர்களின் சட்டம். எந்தப் புத்தகத்திலும் இல்லை, மீறியவனும் இல்லை. அம்மன் கோயிலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவில் முனி நிற்கிறார். வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் பூசாரி கருப்பையா சாம்பிராணி போடுவார், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார், பூசணிக்காயை உடைப்பார். பிறகு சாராயப் போத்தலைத் திறப்பார். கொஞ்சம் சக்கரங்களுக்கு, கொஞ்சம் எஞ்சினுக்கு, ஒரு கை அள்ளி டிரைவர் தலையிலும் மார்பிலும். மிச்சம் முனிக்கு. முனி அதை எப்படிக் குடிக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. பூசை முடிந்து கருப்பையா நடக்கிற நடையைப் பார்த்தாலே தெரியும்.

அன்றைக்குச் சுரேந்திரனுக்கும் அப்படித்தான் நடந்தது. அம்சவேணி தன் கையால் தொடுத்த செவ்வந்தி மாலையை வண்டியின் முகப்புக் கண்ணாடிக்குக் குறுக்கே கட்டினார்கள். சொந்த வண்டியாயிற்றே என்று தாராளமாகத் தொடுத்திருந்தாள். புகையில் கண் சிவந்து, சாராயத்தில் சட்டை நனைந்து, நெற்றி நிறைய விபூதியோடு முதல் சவாரிக்குப் புறப்பட்டான். த்வாண்டேயிலிருந்து படகில் வந்து போட்டாதாங்கில் இறங்கியிருந்த பானைகளை ஏற்ற வேண்டும்.

ஸ்ட்ராண்ட் ரோட்டில் கிடங்குகள் இருக்கிற பக்கம் திரும்பும்போது இடது ஓரத்திலிருந்து ஒரு சைக்கா வந்தது. சைக்கிளுக்குப் பக்கவாட்டில் இருக்கை வைத்த வாடகை வண்டி. ஓட்டி வந்தவர் ஊ செய்ன் என்கிற பர்மியக் கிழவர். யூகிக்க வேண்டிய பாதி ரோட்டில் அவர் இருந்தார். சைக்கா நசுங்கியது, கிழவர் சாக்கடையில் விழுந்தார், கால் எலும்பு முறிந்தது.

சுரேந்திரன் ஓடவில்லை. இறங்கிப்போய்க் கிழவரைத் தூக்கினான். போலீஸ் வந்து கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்தபோது லாரிக்குள்ளிருந்து ஒரு சாராயக்கடையே இறங்கி வந்தது. இது சாமிக்கு ஊற்றியது என்று சுரேந்திரன் சொன்னான். சாமிக்கு ஊற்றியது உன் சட்டைக்கு எப்படி வந்தது என்று கேட்டார்கள். அவனுக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசத் தெரியாது, இரண்டும் செலவாகிவிட்டன.

ஆஸ்பத்திரியில் கரண்ட் இல்லை. ரத்தப் பரிசோதனை நாளைக்கு என்றார்கள், அந்த நாளை வரவேயில்லை. டாக்டர் முன்னால் குனிந்து ஒரு முறை மோந்து பார்த்தார். கண்கள் சிவந்துள்ளன, மது வாடை உள்ளது என்று எழுதிவிட்டார். கரண்ட் இல்லாமலே வேலை செய்த ஒரே கருவி அன்றைக்கு அந்த மூக்குதான்.

சுரேந்திரன் குடியே அறியாத உத்தமன் என்று சொல்லிவிட முடியாது. தஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் நாலு பேரோடு சேர்ந்து குடித்துவிட்டுச் சிரித்தபடி தூங்கிப்போவான். வண்டி எடுக்கிற நாளில் தொட்டதில்லை. இந்த வித்தியாசமெல்லாம் ஊருக்கு எதற்கு? துறையில் கதை வளர்ந்தது. முதல் நாள் ஒரு கிளாஸ், மறுநாள் அரைப் போத்தல், வாரக் கடைசியில் நேற்றிரவிலிருந்தே குடித்துக்கொண்டிருந்தான் என்று ஆயிற்று. சொன்னவர்கள் எல்லாரும் அம்சவேணியின் கடையில் நின்று, அவள் மடித்துக் கொடுக்கிற வெற்றிலையை மென்றுகொண்டே, அவள் யாரென்று தெரியாமல் சொன்னார்கள். அவள் சுண்ணாம்பை இரண்டு தடவை கூடுதலாகத் தடவினாள். அந்த மாதம் போட்டாதாங் துறையில் வாய் வெந்த ஆட்களின் எண்ணிக்கை கூடியதற்கு இதுதான் காரணம்.

வழக்கு நடந்தது. குடித்துவிட்டு வண்டியோட்டி ஆளை முடமாக்கிய பெருங்குற்றம். சுரேந்திரன் தரப்புச் சாட்சியாகக் கோயில் கமிட்டிச் செயலாளர் பிரேம்நாத்தைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி, நகரத்துக்குள் இரும்புச் சாமான் கடை. பூசை நடந்தபோது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று கொத்தனாரிடம் பேசிக்கொண்டிருந்தவர் அவர். சாராய வாடைக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியவரும் அவர். உங்கள் கோயிலில் சாராயம் படைப்பது உண்டா என்று கேட்டார்கள்.

"எங்க கோயில்ல அந்த வழக்கம் இல்லை" என்றார்.

காரணம் இருந்தது. கும்பாபிஷேகம் வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து குருக்கள் வருகிறார். இது சுத்தமான சைவக் கோயில் என்று வாசலில் புதுப் பலகை மாட்டியாகிவிட்டது. முனி இருக்கிற இடத்துக்கு முன்னால் ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டி அவரை மறைத்தும் ஆகிவிட்டது. இந்த நேரத்தில் கோர்ட்டுக் கச்சேரியில் போய், எங்கள் கோயில் பின்கட்டில் போத்தல் உடைகிறது என்று ஒப்புக்கொள்ள முடியுமா? ஒரு டிரைவர் உள்ளே போனால் வேறு டிரைவர் கிடைப்பான். கோயில் பெயர் போனால் கிடைக்குமா?

கருப்பையா சாட்சிக்கே வரவில்லை. அவர் குடியிருக்கிற அறை கோயில் இடத்தில் இருக்கிறது.

கோயிலே இல்லையென்று சொன்ன பிறகு, சாமிக்கு ஊற்றியது என்பது குடிகாரன் கட்டிய கதை ஆகிவிட்டது. பொய் வேறு சொல்கிறான் என்று சேர்த்துக்கொண்டு, இரண்டு வருஷம் கடுங்காவல் போட்டார்கள்.

சிறைக்குப் பலாச்சாங் வறுத்து எடுத்துக்கொண்டு போவாள் அம்சவேணி. காய்ந்த இறாலும் மிளகாயும் பூண்டும் சேர்த்து வறுத்தது, சீக்கிரம் கெடாது. கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற சுரேந்திரன் ஒவ்வொரு தடவையும் கேட்பது ஒன்றே ஒன்று: ஊ செய்ன் கால் எப்படி இருக்கிறது? பிரேம்நாத்தைத் திட்டவில்லை, கருப்பையாவைத் திட்டவில்லை, டாக்டர் மூக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவன் திட்டாததையும் சேர்த்து அவள் திட்ட வேண்டியிருந்தது. பஸ் ஏறித் திரும்பி வருகிற வழியெல்லாம் அதுதான் வேலை.

ஊ செய்ன்னை அவள் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தாள். கஞ்சி கொடுத்துவிட்டு, சுரேந்திரன்மேல் சாராய வாடை வந்ததா என்று கேட்டாள். கிழவர் யோசித்தார். தான் விழுந்தது சாக்கடையில் என்றும், அதற்கப்புறம் மூன்று நாளைக்கு வேறெந்த வாடையும் தெரியவில்லை என்றும் சொன்னார். நேர்மையான மனிதர். உபயோகமில்லாத நேர்மை.

அப்பீலுக்கு ஷம்சுதீன் பாயைப் பிடித்தாள். கடலோரத் தமிழ் முஸ்லிம் குடும்பம், மூன்று தலைமுறையாகத் துணி வியாபாரம். இவர் ஒருவர்தான் கறுப்புக் கோட்டு. அவர் வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, அப்பீல்ங்கறது புது ஆட்டம் இல்ல. ஆடி முடிச்ச ஆட்டத்துல தப்பு இருக்கான்னு மேல இருக்கறவங்க பாக்குறது. புதுச் சாட்சி கொண்டாந்தா, முன்னாடி ஏன் வரலைன்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு பதில் வேணும்."

"மொதல்ல பொய் சொன்னவரே வந்து, பொய் சொன்னேன்னு சொன்னா?"

ஷம்சுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னா ஜெயிக்கலாம். நானும் முப்பது வருஷமா கோர்ட்டுக்குப் போறேன். அப்படி ஒரு மனுஷன இன்னும் பாக்கல."

விசாரணைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் பிரேம்நாத் மனம் மாற வேண்டும், இல்லையென்றால் மிச்சத் தண்டனை அப்படியே.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் கோயில் மண்டபத்தில் கும்பாபிஷேகக் கூட்டம். கமிட்டிக்காரர்கள், நன்கொடை கொடுத்தவர்கள், சமைக்க வந்த பெண்கள் என்று கூட்டம் நிறைந்திருந்தது. வடையும் டீயும் சுற்றிக்கொண்டிருந்தன. பந்தலுக்கு என்ன நிறத்துணி என்பதில் காரசாரமான விவாதம். அம்சவேணி உள்ளே வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, நடுவில் நின்று கேட்டாள். அன்றைக்குப் பூசை நடந்ததைக் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். நடந்ததைச் சொன்னால் போதும், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்.

பிரேம்நாத் பொறுமையாகக் கேட்டார். அவர் பொறுமைதான் அவளை அதிகம் எரித்தது.

"அம்சா, இங்க உக்காரும்மா. டீ குடி. ஆம்பளைங்கன்னா கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கறதுதான். நம்ம ஆளுதான், இல்லேங்கல. ஆனா ஒருத்தருக்காக ஊரே அசிங்கப்படணுமா? ரெண்டு வருஷந்தான, ஓடிப்போயிடும்."

அம்சவேணி கருப்பையாவைப் பார்த்தாள். அவர் வடையைப் பார்த்தார்.

அவள் திரும்பிப் பின்பக்கம் போனாள். சண்டை தீர்ந்தது என்று நினைத்துப் பந்தல் துணிக்குத் திரும்பினார்கள். அவள் நீலத் தார்ப்பாயை விலக்கினாள். முனி காலடியில் எவனோ ஒரு பஸ் டிரைவர் வேண்டுதலுக்கு வைத்த போத்தல், மூடி திறக்காமல் நின்றது. அந்த வழக்கம் இல்லாத கோயிலில்தான் நின்றது. அதை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்து, மூடியைப் பல்லால் திருகி, பிரேம்நாத்தின் தலையில் ஆரம்பித்து வெள்ளைச் சட்டை வழியாக வேட்டிக்கரை வரைக்கும் நிதானமாக ஊற்றினாள். வெற்றிலைக்குத் தண்ணீர் தெளிக்கிற அதே கை.

கடைசிச் சொட்டு விழுந்த பிறகு பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"இப்ப வீட்டுக்குப் போங்க அண்ணே. காரை நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க. பாலத்துல சோதனைக்கு நிறுத்தி மோந்து பாத்தா, குடிக்கலைன்னு சொல்லுங்க. சாட்சிக்கு நாங்க இத்தினி பேரு இருக்கோம். ஆனா என்ன பண்றது, எங்க கோயில்ல அந்த வழக்கம் இல்லையே."

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, முனி இறங்கிவிட்டார் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருத்தி கற்பூரம் தேடி ஓடினாள். அம்சவேணி அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"முனியும் எறங்கல, ஒண்ணும் எறங்கல. கோவம் வந்துச்சு. கற்பூரத்த அம்மனுக்குக் காட்டு."

போத்தலைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பிரேம்நாத் பட்டதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் சொல்லாமல் இந்த அப்பீலின் முடிவு புரியாது. குளிக்கலாம் என்று குழாயைத் திருகினார். கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, மோட்டார் ஓடாததால் தொட்டி காலி. யாரோ ஒரு லுங்கியும் பனியனும் கொடுத்தார்கள். துணி மாறியது, தலைமுடி மாறவில்லை. காரில் ஏறி உட்கார்ந்தவர் சாவியைப் போட்டார், திருப்பவில்லை. பாலத்தில் சோதனைச் சாவடி ஆட்கள் நிற்கிறார்கள். குடிக்கவில்லை என்று சொல்லலாம். நம்புவார்களா? இந்தக் கேள்வி அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வந்தது. டாக்ஸியைக் கைகாட்டினார்கள். டாக்ஸிக்காரர் கண்ணாடியை இறக்கி, மோந்து, மறுபடி ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக அவசர வேலைகளை நினைவுபடுத்திக்கொண்டார்கள்.

கடைசியில், பசுண்டாங் ஓடைப் பாலத்தைச் செயலாளர் பிரேம்நாத், எவனோ ஒருவனுடைய லுங்கியில், உச்சி வெயிலில், நடந்தே கடந்தார். பாலத்து முனையில் நிறுத்தத்தான் செய்தார்கள். பகலிலேயே இவ்வளவா என்று ஒரு பையன் துப்பாக்கியோடு கேட்டான். பிரேம்நாத்துக்கு வேறு வழியில்லை. கோயிலில் சாமிக்கு வைத்த சாராயம், தவறிப்போய் என் மேல் கொட்டிவிட்டது என்று சொன்னார். சாட்சிக் கூண்டில் சொல்ல மாட்டேன் என்றதை நடுரோட்டில் சொன்னார்.

அந்தப் பையன் சிரித்தான். எங்கள் கிராமத்திலும் நாட் தேவதைக்கு இப்படித்தான், கோ ஜீ ஜோவுக்குச் சாராயமும் பொரித்த கோழியும் வைக்காமல் விழா நடக்காது, ஆடுகிறவர்கள் எங்கள் மேலும் ஊற்றுவார்கள் என்று சொல்லி, போங்க ஊலே என்று, சித்தப்பாவைக் கூப்பிடுகிற மரியாதையில் வழிவிட்டான். இந்த நாட்டில் காவல் தெய்வம் குடிப்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். யாருக்கும் தெரியாமல் பிரேம்நாத் மூடி வைத்த அசிங்கம், எல்லாருக்கும் தெரிந்த, எவருக்கும் அசிங்கமில்லாத சங்கதி. அதற்காகத்தான் ஒரு மனிதன் உள்ளே கிடந்தான்.

இதைக் கேள்விப்பட்டபோது அம்சவேணிக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் கோபந்தான் வந்தது. அந்தப் பையனுக்கு விளங்க எடுத்த நேரம், வெற்றிலை மடிக்கிற நேரம். அவள் புருஷனுக்கு அதே விளக்கத்தைச் சொல்ல ஒரு படித்த மனிதருக்கு வாய் வரவில்லை.

பிரேம்நாத் அப்பீலுக்கு வந்தார். மனசாட்சி என்று சிலர் சொல்கிறார்கள். கும்பாபிஷேகத்தன்று குருக்கள் முன்னால் அம்சவேணி இன்னொரு போத்தலோடு வருவாள் என்ற பயம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். இரண்டாவதற்கு ஆதாரம் அதிகம். கூண்டில் ஏறி, மதில் சுவரை ஒட்டிய பகுதி கோயிலோடு சேர்ந்ததா இல்லையா என்பதில் தனக்கு முன்பு குழப்பம் இருந்ததாகவும், இப்போது தெளிந்துவிட்டதாகவும், அங்கே சாராயம் ஊற்றுவது உண்டு, அன்றைக்கும் ஊற்றினார்கள், அவன் குடித்ததைப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். பொய்யென்று ஒப்புக்கொள்ளாமலே பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ள இப்படி ஒரு வழி இருப்பது ஷம்சுதீன் பாய்க்கே புதுசு.

செயலாளரே ஏறிவிட்டதால் கருப்பையாவுக்கும் தைரியம் வந்தது. அவர் பர்மிய மொழி மீன் சந்தையோடு சரி. ஆகையால் பாதியைக் கையால் சொன்னார். சாம்பிராணி புகைவது, சக்கரத்துக்கு ஊற்றுவது, டிரைவர் தலையில் தெளிப்பது எல்லாவற்றையும் கூண்டுக்குள்ளேயே நடித்துக் காட்டினார். நீதிபதி ஒரு நடுத்தர வயது அம்மாள். கோ ஜீ ஜோ மாதிரியா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம், அவருக்குத் தம்பி முறை என்றார் கருப்பையா. முனி சாட்சி சொன்ன கதையில் உண்மை இருக்கிற இடம் இதுதான். சுருட்டு கிடையாது, யாரும் கும்பிடவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம் கருப்பையா. நடிப்பு சூடு பிடித்துவிட்டது. பிறகு மாலையைக் கட்டினோம் என்று சொல்லி, இரண்டு கையையும் அகல விரித்து, கண்ணாடியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, தொடைப் பருமன் என்று காட்டினார். நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். அப்படியென்றால் இடது பக்கம் எப்படித் தெரிந்திருக்கும் என்று கேட்டார். கருப்பையா பெருமையோடு, ஒன்றுமே தெரியாது அம்மா, அவ்வளவு நல்ல மாலை என்றார்.

ஷம்சுதீன் பாய் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பின் வரிசையில் அம்சவேணி தன் விரல்களைப் பார்த்தாள். சுண்ணாம்புக்கறை படிந்த அந்த விரல்கள்தான் அதைத் தொடுத்தன. பூ போதுமா என்று சுரேந்திரன் கேட்டபோது, போதாது என்று இன்னொரு முழம் சேர்த்தவள் அவள். இத்தனை மாதம் டாக்டரை, பிரேம்நாத்தை, பூசாரியை, கடையில் நின்று பேசியவர்களை என்று வரிசையாகத் திட்டி வந்தவளுக்கு, வரிசையில் தானும் நிற்பது தெரிந்தது. அதற்காக மற்றவர்களை வரிசையிலிருந்து விலக்கிவிடவில்லை. கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டாள், அவ்வளவுதான்.

தீர்ப்பு இப்படி வந்தது. குடித்தான் என்பது நிரூபிக்கப்படவில்லை, அந்தப் பகுதி தள்ளுபடி. முன்னால் பார்க்காமல் வண்டியோட்டி ஒருவரைக் காயப்படுத்தியது உண்மை, அது நிற்கிறது. தண்டனை, இதுவரை உள்ளே இருந்த காலத்தோடு சரி. லைசென்ஸ் ஒரு வருஷத்துக்கு நிறுத்தம்.

"அப்ப இந்த ஏழு மாசத்த யாரு திருப்பித் தருவா பாய்?"

"அதுக்கு மனு கெடையாது தங்கச்சி" என்றார் ஷம்சுதீன்.

சுரேந்திரன் வெளியே வந்தான். மறுநாளே ஊ செய்ன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். லாரி வீட்டு ஓரத்தில் மழையில் நனைகிறது. அவன் இப்போது கடையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கு வெட்டுகிறான். துண்டுகள் பெரிதும் சிறிதுமாக விழுகின்றன. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தால் அவள் பார்க்கிற பார்வையில் அப்படியே மென்றுவிடுகிறார்கள். ஊ செய்ன் விந்தி விந்தி வந்து தினம் ஒரு வெற்றிலை வாங்கிப்போகிறார். அவரிடம் காசு கேட்பதில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது. முனிக்கு முன்னால் தார்ப்பாயை எடுத்துவிட்டுத் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். மது படைக்கக் கூடாது என்று ஒரு பலகையும் வைத்திருக்கிறார்கள். போத்தலைச் சாய்த்து வைக்க வசதியாக இருக்கிறது.

கோர்ட்டுக்கு முனி வந்த கதையை முதலில் கிளப்பியவர் யாரென்று கடைசியாகத் தெரிந்துபோனது. பிரேம்நாத்தான். மண்டபத்தில் தன் தலையில் ஊற்றியது அம்சவேணி இல்லை, அவள் மேல் இறங்கிய முனி என்று குருக்களிடம் சொல்லியிருக்கிறார். வெற்றிலைக்காரி கையால் நனைந்ததைவிடத் தெய்வத்தின் கையால் நனைவது கௌரவம் அல்லவா? இறங்கின முனி அங்கேயிருந்து கோர்ட்டுவரை நடந்து போனது ஊரார் உபயம்.

இதில் பாக்கி நிற்பது ஒன்றுதான். அன்றைக்கு அவள் எடுத்த போத்தல் முனியுடையது. வேண்டிக்கொண்டு வைத்த பஸ் டிரைவர் வந்து கேட்டான், வேண்டுதல் செல்லுமா செல்லாதா என்று. கருப்பையாவுக்குப் பதில் தெரியவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெற்றிலை வாங்குகிற சாக்கில் வந்து நிற்கிறார். சுற்றி வளைத்து, முனி பொருள் ஒன்று உன்னிடம் இருக்கிறது, சாமி காரியம், வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பிக்கிறார். சாராயக்கடைப் பக்கம் சுரேந்திரன் தலைவைத்துப் படுக்க மாட்டான், வாடை அடித்தாலே சட்டையை மாற்றுகிறான். அவள் போய் ஒரு போத்தல் வாங்கிவரலாம். போகவில்லை.

"மாமா, எம் புருஷன் அவருக்காக ஏழு மாசம் உள்ள இருந்தாரு. அதக் கழிச்சுக்கிட்டு மிச்சம் எவ்வளவுன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க. கொண்டாந்து வைக்கிறேன்."

கருப்பையா போய்க் கேட்டுப் பார்த்ததாகச் சொல்கிறார். முனி இன்னும் கணக்குச் சொல்லவில்லை. அவள் கொடுக்கிற வெற்றிலையில் சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கிறது. அதையும் மென்றுகொண்டே அவர் போகிறார்.